இணையத்தில் சதுரங்கம்: வாசகசாலையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சியில் பஸ் ஏறி, கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் பாலக்காடு மாவட்டம் தொடங்கிவிடுகிறது. அந்தப் பக்கத்து ஊர் ஒன்றின் வாசகசாலையில் ஞாயிறு மாலைகளில் சதுரங்கப் பலகைகளை விரித்து உட்காருகிறோம். தோப்பு வேலை முடித்து வருபவர்கள், ஆசிரியர்கள், தமிழ்வழியிலும் மலையாளவழியிலும் படிக்கும் பிள்ளைகள் என்று எல்லாரும் உண்டு. வாரம் முழுக்கப் போனில் ஆடுகிறார்கள். ஞாயிறன்று ஒரே விதமான சந்தேகங்களோடு வருகிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இணைய ரேட்டிங் (ஆடும் பலத்தைக் காட்டும் எண்) 900-க்கும் 1600-க்கும் நடுவில் நிற்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது.

1. "யானை போய்விட்டது" என்கிறீர்களே, எந்தக் காயைச் சொல்கிறீர்கள்?

எங்கள் ஊரில் இதைத்தான் முதலில் தீர்க்க வேண்டியிருக்கிறது. தமிழ் பேசும் வீடுகளில் மூலையில் நிற்கும் காய் யானை, குறுக்கே போகும் காய் மந்திரி, எல்லாத் திசையிலும் போவது ராணி. மலையாளத்தில் மூலைக் காய் தேர், குறுக்கே போவது ஆன, ராணியின் இடத்தில் நிற்பவர் மந்திரி. "மந்திரியை விட்டுவிட்டேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால், அவன் இழந்தது மூன்று சிப்பாய் மதிப்புள்ள காயா, ஒன்பது மதிப்புள்ள காயா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தப் பக்கத்தில் மூலைக் காய் யானை, குறுக்கே போவது பிஷப், பெரிய காய் ராணி. மந்திரி என்ற சொல்லைத் தொடவே மாட்டேன். கட்டங்களை ஏ முதல் எச் வரை, 1 முதல் 8 வரை என்று குறிக்கிறேன்.

2. என் சிப்பாய் வெட்டுப்படாமலே காணாமல் போனது. ஆப் ஏமாற்றுகிறதா?

இல்லை. உங்கள் சிப்பாய் இரண்டு கட்டம் தாண்டி, எதிராளியின் சிப்பாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றிருக்கும். அது ஒரே கட்டம் நகர்ந்ததாகக் கருதி, அடுத்த நகர்விலேயே அதை வெட்ட எதிராளிக்கு உரிமை உண்டு. அந்த ஒரு நகர்வைத் தவறவிட்டால் உரிமையும் போய்விடும். இதன் பெயர் ஆன் பாசான்.

தாத்தாவிடம் ஆட்டம் கற்றவர்களுக்கு இன்னும் சில அதிர்ச்சிகள் இருக்கும். பழைய நாட்டு முறையில் காஸ்லிங், அதாவது ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறுவது, கிடையாது. செக் வாங்காத ராஜா ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம். அது நல்ல ஆட்டம்தான், அதை ஆடத் தெரிந்த பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைப்பது நம் கடமை. இணையத்தில் நடப்பது சர்வதேச விதி.

3. லிசெஸ்ஸா, செஸ்.காமா?

இரண்டும் இணையத்தில் சதுரங்கம் ஆடும் தளங்கள், எதில் ஆடினாலும் ஆட்டம் ஒன்றுதான். லிசெஸ் முழுக்க இலவசம், விளம்பரம் இல்லை, எஞ்சின் (நகர்வுகளைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி நிரல்) அலசலுக்கும் பசிலுக்கும் (சரியான நகர்வைக் கண்டுபிடிக்கும் புதிர்) பணம் கேட்பதில்லை. செஸ்.காமில் கூட்டம் அதிகம். ஆனால் இலவசக் கணக்கில் பசிலுக்கும் ஆட்ட அலசலுக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். கையில் காசு குறைவான மாணவர்களுக்கு நான் லிசெஸ்ஸைச் சொல்கிறேன்.

4. ஒன்றில் 1600 காட்டுகிறது, மற்றொன்றில் 1250. எது என் உண்மையான பலம்?

இரண்டுமே உண்மை. ரேட்டிங் என்பது அந்தத் தளத்தில் ஆடும் கூட்டத்துக்குள் உங்கள் இடம் எது என்று சொல்லும் எண். லிசெஸ் புதியவர்களை 1500-ல் தொடங்கவைக்கிறது, அதனால் நம் நிலையில் அங்கே எண் உயரமாகத் தெரியும். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங் வேறொரு கூட்டத்தின் கணக்கு. 2024 மார்ச் முதல் அதில் குறைந்தபட்ச எண்ணே 1400. ஆகவே "போனில் 1400, அப்படியென்றால் ஃபிடேயிலும் 1400" என்று கணக்குப் போட வேண்டாம்.

ஒரே தளத்தில், ஒரே வேக ஆட்டத்தில், ஆறு மாதத்துக்கு முன்பு எங்கே இருந்தீர்கள், இன்று எங்கே இருக்கிறீர்கள் என்று மட்டும் பாருங்கள். எனக்குத் தெரிந்த நேர்மையான ஒப்பீடு அது ஒன்றுதான்.

5. தினமும் இருபது பிளிட்ஸ் ஆடுகிறேன். இரண்டு வருடமாக 1200-ஐத் தாண்டவில்லை. ஏன்?

மனக்கணக்காகவே பார்த்துவிடலாம். மூன்று நிமிட பிளிட்ஸ் ஆட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது 180 விநாடி. ஆட்டம் நாற்பது நகர்வு போகிறது என்றால் ஒரு நகர்வுக்கு நாலரை விநாடி. 15 நிமிடமும் நகர்வுக்கு 10 விநாடி கூடுதலும் உள்ள ஆட்டத்தில் அதே நாற்பது நகர்வுக்கு 1300 விநாடி, அதாவது நகர்வுக்கு 32 விநாடிக்கு மேல். நாலரை விநாடியில் யாராலும் புதிதாக ஒன்றை யோசிக்க முடியாது. ஏற்கெனவே கையில் இருக்கும் பழக்கம்தான் வெளியே வரும். நல்ல பழக்கம் இருந்தால் அது உறுதிப்படும், கெட்ட பழக்கம் இருந்தால் அதுவும் உறுதிப்படும். இரண்டு வருடம் தினமும் இருபது ஆட்டம் என்றால், உங்கள் தவறுகளைப் பதினாலாயிரம் முறைக்கு மேல் ஒத்திகை பார்த்திருக்கிறீர்கள்.

பிளிட்ஸை நிறுத்தச் சொல்லவில்லை. அதில் சந்தோஷம் இருக்கிறது, சந்தோஷத்துக்காகத்தானே ஆடுகிறோம். ஆனால் வாரத்தில் நான்கு ஆட்டமாவது 15 நிமிடம், 10 விநாடி என்ற கணக்கில் ஆடுங்கள். ஒவ்வொன்றையும் எட்டாம் கேள்வியில் சொல்லும் விதமாகத் திரும்பிப் பாருங்கள். அந்த நான்கைப் பார்க்க நேரமில்லை என்றால் இரண்டு ஆடுங்கள், இரண்டையும் பாருங்கள்.

6. நிஹால் சரின் வேக ஆட்டம் ஆடித்தானே பெரிய ஆளானார்?

சதுரங்க வீரர் நிஹால் திருச்சூர்க்காரர் என்பதால் எங்கள் பிள்ளைகளுக்கு அவர் பக்கத்து வீட்டு அண்ணன் மாதிரி. இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வந்துவிடும். அவர் 2014-ல் பத்து வயதுக்குட்பட்டோருக்கான உலகப் பட்டத்தை வென்றார், 2018-ல் பதினான்கு வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கான தகுதியை நீண்ட நேர ஆட்டங்களில்தான் பெற முடியும். பலகை முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்து சேர்த்த நிலைகள் மனத்தில் இருப்பதால்தான், மூன்று நிமிட ஆட்டத்தில் அவருக்கு ஒரு பார்வை போதுமாக இருக்கிறது. நாம் காண்பது அறுவடையை.

7. பசில் ரேட்டிங் 2000 தாண்டிவிட்டது. ஆட்டத்தில் மட்டும் 1200. எங்கே இடிக்கிறது?

பசில் என்று திரையில் வந்தவுடனேயே பாதி விடையைச் சொல்லிவிடுகிறார்கள்: இங்கே ஏதோ இருக்கிறது, தேடு என்று. ஆட்டத்தில் அப்படி யாரும் தோளைத் தட்டிச் சொல்வதில்லை. மேலும் பசிலில் அடிப்பவர் பெரும்பாலும் நீங்கள்தான். ஆட்டத்தில் பாதி நேரம் அடிவாங்கும் இடத்தில் இருக்கிறீர்கள்.

ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் ஒரே ஒரு கேள்வியைப் பழக்கமாக்குங்கள்: எதிராளியின் கடைசி நகர்வு என்ன செய்கிறது? அந்தக் காய் இப்போது எதைத் தாக்குகிறது, எதைக் காவல் இல்லாமல் விட்டுவிட்டு வந்தது, அது நகர்ந்ததால் பின்னாலிருந்த எந்தக் காய்க்கு வழி திறந்தது? இதற்கு ஐந்து விநாடி போதும். அதன் பிறகு உங்கள் பக்கத்துச் செக், வெட்டு, மிரட்டல் ஆகியவற்றை அந்த வரிசையிலேயே பாருங்கள். 1400-க்குக் கீழே பெரும்பாலான தோல்விகள் இந்த ஐந்து விநாடியைச் செலவழிக்காததால் வருபவை என்பது இத்தனை ஞாயிறுகளில் நான் பார்த்த உண்மை.

பாலக்காடு பஸ்ஸில் பசில் போடுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எண்ணிக்கையைத் துரத்தாதீர்கள். பத்து பசிலை எடுத்துக்கொண்டு, கடைசி நகர்வு வரை மனத்திலேயே பார்த்துவிட்டு, பிறகுதான் விரலைத் திரையில் வையுங்கள். முதல் நகர்வை ஊகித்துப் போட்டுவிட்டு அடுத்ததைத் தேடுவது ஆட்டத்தில் உதவாது.

8. எஞ்சின் என் நகர்வைச் சிவப்பில் காட்டுகிறது. பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு என்ன செய்வது?

எஞ்சினை முதலில் திறந்ததுதான் சிக்கல். தவறு எந்த நகர்வில் நடந்தது என்று அது சொல்லும். அதை ஏன் ஆடினீர்கள் என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும், அதுவும் ஆட்டம் முடிந்த அரை மணி நேரம்தான் நினைவில் இருக்கும். அந்த அரை மணி நேரத்தைச் சிவப்புக்கும் பச்சைக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தோற்றவுடன், எஞ்சின் இல்லாமல், ஆட்டத்தை ஒருமுறை முதலிலிருந்து ஓட்டுங்கள். எந்த இடத்தில் உங்களுக்கு முதலில் சங்கடமாக இருந்தது, அப்போது என்ன நினைத்தீர்கள், கடிகாரத்தில் எவ்வளவு நேரம் மீதி இருந்தது என்று மூன்றே வரி எழுதுங்கள். பிறகு எஞ்சினைத் திறந்து, நீங்கள் குறித்த இடமும் அது குறித்த இடமும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இல்லாதபோதுதான் படிக்க நிறைய இருக்கிறது: ஆபத்து வந்ததே உங்களுக்குத் தெரியவில்லை என்று அதற்குப் பொருள்.

எங்களிடம் வரும் தேங்காய் வியாபாரி ஒருவர் இப்படி முப்பது தோல்விகளை எழுதினார். நோட்டைப் புரட்டியபோது பாதிக்கு மேற்பட்ட பக்கங்களில் ஒரே விஷயம். பலகையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நீளும் கோட்டில் எதிராளியின் பிஷப் வந்து யானையையோ ராணியையோ எடுத்திருக்கிறது. கடிகாரத்தில் ஏழெட்டு நிமிடம் மீதி. பக்கத்தில் நிற்கும் காய்களை அவர் நன்றாகவே பார்க்கிறார்; தூரத்திலிருந்து குறுக்கே வருவது அவர் கண்ணில் படுவதில்லை. எந்த எஞ்சினும் இதை அவருக்குச் சொல்லியிருக்காது, ஏனென்றால் எஞ்சின் ஒவ்வோர் ஆட்டத்தையும் தனியாகப் பார்க்கிறது. அதன் பிறகு நகர்வுக்கு முன்னால் எதிராளியின் இரண்டு பிஷப்களின் கோட்டையும் கண்ணால் ஒருமுறை தடவிவிட்டு ஆடத் தொடங்கினார். அந்த வகைத் தோல்வி சில வாரங்களில் அரிதாகிவிட்டது. அதை அவர் என்னிடம் வந்து சொன்ன மாலை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

எஞ்சின் எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1.0 என்றால் ஏறக்குறைய ஒரு சிப்பாய் அளவு மேல்நிலை. அதற்குக் கீழான ஏற்ற இறக்கங்களை நம் நிலையில் கண்டுகொள்ள வேண்டாம். "துல்லியம் 94 சதவீதம்" என்று வந்தாலும் மகிழ்ந்துவிட வேண்டாம். எதிராளி பத்தாவது நகர்விலேயே ராணியை விட்டிருந்தால் யாருக்கும் அந்த எண் வரும்.

9. எந்த ஓப்பனிங்கைப் படிப்பது? வீடியோவில் தினமும் ஒன்று சொல்கிறார்கள்.

ஓப்பனிங் என்பது ஆட்டத்தின் முதல் சில நகர்வுகளின் திட்டம். வெள்ளைக்கு ஒன்று, கறுப்பில் ராஜா சிப்பாய்க்கு எதிராக ஒன்று, ராணி சிப்பாய்க்கு எதிராக ஒன்று. ஒரு வருடத்துக்கு மாற்றாதீர்கள். வெள்ளையில் இத்தாலியன், கறுப்பில் இ4-க்கு (ராஜா சிப்பாய் இரண்டு கட்டம் வருவதற்கு) எதிராக இ5 அல்லது காரோகான் என்று வைத்துக்கொண்டால் நல்ல பாடங்கள் தானாகவே வரும். எட்டாம் கேள்வியின் நோட்டில், பத்தாம் நகர்வுக்குள் முடிந்துபோன தோல்விகள் எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்றிரண்டுதான் என்றால் உங்கள் பிரச்சினை ஓப்பனிங்கில் இல்லை.

பிள்ளைகள் அடிக்கடி விழும் குழி ஒன்று உண்டு. இரு பக்கமும் ராஜா சிப்பாயைத் தள்ளி, குதிரைகள் எஃப்3-க்கும் சி6-க்கும் வந்து, வெள்ளை பிஷப் சி4-லும் கறுப்புக் குதிரை எஃப்6-லும் நிற்கும்போது, வெள்ளைக் குதிரை ஜி5-க்குப் பாய்ந்து எஃப்7-ஐக் குறிவைக்கும். கறுப்பு டி5 தள்ள வேண்டும். வெள்ளைச் சிப்பாய் அதை வெட்டியதும் ஆசைப்பட்டுக் குதிரையால் திருப்பி வெட்டாதீர்கள். வெட்டினால் வெள்ளைக் குதிரை எஃப்7-ஐ வெட்டி, உங்கள் ராஜாவை நடுப் பலகைக்கு இழுத்துவிடும். சி6 குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோய் பிஷப்பைத் தாக்குங்கள். ஒரு சிப்பாய் போகும், பதிலாக உங்கள் காய்கள் வேகமாக வெளியே வரும்.

10. என் ஆட்டங்கள் நடுவிலேயே முடிந்துவிடுகின்றன. இறுதியாட்டம் (காய்கள் குறைந்துபோன கடைசிக் கட்டம்) படித்து என்ன பயன்?

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டத்துக்கான கடைசி ஆட்டம், பதினான்காவது. அப்போதைய சாம்பியன் டிங் லிரனுக்கு எதிராகக் கறுப்பில் ஆடிய குகேஷுக்கு ஒரு சிப்பாய்தான் அதிகம். யானையும் பிஷப்பும் இரு பக்கமும் இருக்கும்வரை டிராவுக்கு நல்ல வாய்ப்பு இருந்தது. 55-ஆவது நகர்வில் டிங் யானையை மாற்றிக்கொள்ள முன்வந்தார். அவருடைய பிஷப் மூலையில் நின்றதால், யானைகள் போனதும் குகேஷால் பிஷப்களையும் மாற்றிவிட முடிந்தது. மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும். அந்த நிலை வெற்றி என்று குகேஷுக்குத் தெரியும். பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன். அன்று மாலை எங்கள் வாசகசாலையில் அந்த நிலையைப் பலகையில் வைத்துத் திரும்பத் திரும்ப ஆடிப் பார்த்தோம்.

எந்தக் காயை எப்போது மாற்றலாம் என்று நடு ஆட்டத்திலேயே முடிவெடுக்க இறுதியாட்ட அறிவுதான் உதவுகிறது. நம் நிலைக்கு இரண்டு பாடம் போதும். ஒன்று, சதுர விதி: ஓடும் சிப்பாயிலிருந்து கடைசி வரிசை வரையிலான தூரத்தைப் பக்கமாக வைத்து மனத்தில் ஒரு சதுரம் வரையுங்கள், உங்கள் முறையில் ராஜா அதற்குள் கால்வைக்க முடிந்தால் சிப்பாயைப் பிடித்துவிடலாம். மற்றொன்று, ராஜாக்கள் நடுவில் ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நிற்கும்போது நகர வேண்டிய கட்டாயம் யாருக்கோ அவர் வழிவிட வேண்டியிருக்கும் என்பது. இந்த இரண்டையும் ஒரு ஞாயிறு மாலையில் கற்றுவிடலாம்.

11. தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்கிறேன். எனக்கு மூளை மழுங்கிவிட்டதா?

டிராவை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், சமபலமுள்ளவர்களோடு ஆடி அடுத்தடுத்து ஐந்தில் தோற்பதற்கான வாய்ப்பு 32-ல் ஒன்று. மாதம் நூறு ஆட்டம் ஆடுபவருக்கு அது வரத்தான் செய்யும். ரேட்டிங்கில் 200 புள்ளி அதிகமுள்ளவரோடு நான்கு ஆட்டம் ஆடினால் நீங்கள் எதிர்பார்க்கக்கூடியது ஏறக்குறைய ஒரு வெற்றியின் அளவு.

ஆனால் ஆறாவது, ஏழாவது தோல்வி பெரும்பாலும் கோபத்தால் வருகிறது. அடுத்தடுத்து இரண்டு தோற்றால் அன்றைக்கு எழுந்துவிடுங்கள் என்பது எங்கள் வழக்கம். எண்ணைப் பார்ப்பதே பதற்றம் தருகிறது என்றால் லிசெஸ் அமைப்புகளில் ரேட்டிங்கை மறைத்துவிடலாம்.

12. காற்றுக் காலத்தில் நெட் போய்விடுகிறது. தோல்வி என்று எழுதிவிடுகிறார்கள்.

ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று அடிக்கும்போது எங்கள் பக்கம் மின்சாரமும் போகிறது, நெட்டும் போகிறது. நீங்கள் வெளியே இருந்தாலும் கடிகாரம் நிற்காது, தளம் அதில் எதுவும் செய்ய முடியாது. அந்த மாதங்களில் ஒரு நகர்வுக்கு இரண்டு மூன்று நாள் அவகாசம் தரும் ஆட்டங்களை ஆடுங்கள். அவற்றில் ஓப்பனிங் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ள இரு தளங்களும் அனுமதிக்கின்றன, எஞ்சினுக்கு மட்டும் அனுமதி இல்லை. ஓப்பனிங்கைப் புரிந்து படிக்க இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

13. எதிராளி எஞ்சின் வைத்துத்தான் ஆடினான். என்ன செய்வது?

புகார் பொத்தானை அழுத்திவிட்டு நகர்ந்துவிடுங்கள். அவரிடம் எழுதிச் சண்டை போடாதீர்கள், ஏனென்றால் பல நேரம் நம் சந்தேகம் தவறாகவே இருக்கிறது. பிடிபட்டால் நீங்கள் இழந்த புள்ளிகளைத் திருப்பித் தருகிறார்கள். அந்த ஆட்டத்தையும் நோட்டில் எழுதுங்கள்.

14. எதிராளிக்கு நேரம் முடிந்தது. எனக்குக் குதிரை மட்டும், அவருக்கு ஒரு சிப்பாய். ஒரு தளத்தில் வெற்றி, மற்றொன்றில் டிரா. எது சரி?

இரண்டும் அவரவர் விதிப்படி சரி. ஃபிடே விதியில், எவ்வளவு மோசமாக ஆடினாலும் செக்மேட்டுக்கு ஏதாவது ஒரு வழி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். எதிராளியின் சிப்பாயே அவருடைய ராஜாவுக்கு வழியை அடைத்து நின்றால், ஒற்றைக் குதிரையாலும் மேட் கொடுக்க முடியும். லிசெஸ் அதைப் பின்பற்றுகிறது, அதனால் வெற்றி. செஸ்.காமில் ஒற்றைக் குதிரையும் ஒற்றை பிஷப்பும் போதாத பலம் என்று வைத்திருக்கிறார்கள், அதனால் டிரா. போட்டிக்குப் போகும் பிள்ளைகள் ஃபிடே விதியையே மனத்தில் வைக்க வேண்டும்.

15. போனில் 1500. வாசகசாலையில் பத்து வயதுப் பெண்ணிடம் தோற்றுவிட்டேன். ஏன் இப்படி?

அவள் பலகையில் வளர்ந்தவள். போனில் பலகையை மேலிருந்து தட்டையாகப் பார்க்கிறோம். நேரில் முன்வரிசைக் காய்கள் பின்னால் இருப்பதை மறைக்கின்றன. போனில் செக் வந்தால் ராஜாவின் கட்டம் சிவக்கிறது, தவறான நகர்வைத் திரை ஏற்பதில்லை. பலகையில் நீங்களே எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். எதிராளி "செக்" என்று சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. போட்டியின் நீண்ட நேர ஆட்டத்தில் விதிமீறிய நகர்வை ஆடினால் முதல் முறை எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதல், இரண்டாம் முறை தோல்வி. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். காஸ்லிங் செய்யும்போது ராஜாவை முதலில் தொட வேண்டும், ஒரே கையால் முடிக்க வேண்டும். யானையை முதலில் தொட்டுவிட்டு அந்தப் பக்கம் காஸ்லிங் செய்யும் உரிமையை இழந்தவர்கள் எங்களிடமே நான்கு பேர் இருக்கிறார்கள்.

வீட்டில் ஒரு பலகை இருந்தால் போனைப் பக்கத்தில் சாய்த்து வைத்து, 15 நிமிட ஆட்டத்தைப் பலகையிலும் ஆடுங்கள். எதிராளியின் நகர்வை முதலில் பலகையில் வையுங்கள், அங்கேயே யோசியுங்கள், முடிவெடுத்த பிறகு போனைத் தொடுங்கள். ஏழாம் கேள்வியில் சொன்ன அந்த ஐந்து விநாடி இதில் தானாகவே கிடைத்துவிடுகிறது, ஏனென்றால் எதிராளியின் காயை உங்கள் கையாலேயே நகர்த்துகிறீர்கள். அந்தப் பெண் ஞாயிறுதோறும் நான்கு மணிக்கே வந்துவிடுகிறாள். மறு ஆட்டம் கேட்டால் மறுக்க மாட்டாள்.